அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில்

ஞாயிற்றுக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். காணொளியை ஆளாளுக்கு எனக்கே அனுப்பி "பார்த்தீங்களா?" என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததே நான்தான்.

"லட்சக்கணக்கில் விற்கிற சிறுவர் கதையை இலக்கியம் என்றால், பலூனையும் சிற்பம் என்று சொல்லலாம்." மேடையில் பேசிய அண்ணன் ஒருவர் இதைத்தான் சொன்னார். கைதட்டலுக்கென்றே வீட்டிலிருந்து தீட்டிக்கொண்டு வந்தது போன்ற வாக்கியம். அது போகட்டும். அரங்கமே சிரித்ததே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிரித்தவர்களில் பலரை எனக்குத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படித்த நாளிலேயே நேராகத் தஸ்தயேவ்ஸ்கியைக் கையில் எடுத்தவர்கள் யாரும் அதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிறுவர்களுக்காக எழுதியது என்பதாலோ நிறைய விற்றது என்பதாலோ ஒரு கதை இலக்கியம் இல்லாமல் போய்விடாது. நான் சொல்வது இவ்வளவுதான். எல்லாமே இலக்கியம் என்று சொல்லவில்லை. எடுத்துப் படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன்.

ஒரு பன்றிக்குட்டியைக் காப்பாற்றும் சிலந்தியின் கதையான 'சார்லட்ஸ் வெப்' என்ற சிறுவர் நாவல் 1952இல் வந்தது. கோடிக்கணக்கில் விற்ற புத்தகம், ஆகவே அண்ணனின் கணக்கில் அதுவும் பலூன்தான். அப்பா கோடரியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று ஒரு சிறுமி அம்மாவைக் கேட்பதில் கதை தொடங்குகிறது. முதல் வரியிலேயே கோடரி! எழுதிய ஈ. பி. வைட் முதல் வரைவை முடித்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. கிடப்பில் போட்டு, பிறகு திருத்தி எழுதினார். அந்தச் சிறுமி வரும் தொடக்கமே பின்னால் சேர்த்ததுதான். பிள்ளைகளுக்குத்தானே, இது போதும் என்று நினைக்கிற ஆள் இந்தப் பாடு படுவாரா?

என் மகளுக்கு எட்டு வயதில் அதை ராத்திரி ராத்திரி தமிழில் சொல்லிக்கொண்டே படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கங்களுக்கு முன்னால் அந்தச் சிலந்தி செத்துப்போகிறது. சந்தை முடிந்து எல்லோரும் போய்விட்ட திடலில், தன்னந்தனியாக. மகள் "யாருமே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஒருத்தர்கூடவா?" அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுவாரம் நான் ஒட்டடைக் குச்சியை எடுத்தபோது அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்று கையை விரித்துக்கொண்டாள். "அந்த மூலை மட்டும் வேண்டாம்மா."

ஒரு கதை மனிதருக்குள் இதைச் செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நீங்களே சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

இந்த இளக்காரம் புதிதும் இல்லை. 2000 ஜூலையில் அமெரிக்க விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் ஹாரி பாட்டரை வறுத்தெடுத்தார். மூன்றரைக் கோடிப் பேர் தப்பாக இருக்க முடியுமா, முடியும் என்று தலைப்பிலேயே தீர்ப்பு. அவராவது முதல் புத்தகத்தைப் படித்துவிட்டுத் திட்டினார். அதே மாதம்தான் நியூயார்க் டைம்ஸ் சிறுவர் நூல்களுக்குத் தனி விற்பனைப் பட்டியல் போட்டது. பெரியவர்களின் நாவல்களுக்கு இடமில்லாமல் அந்தப் பையன் மேல்வரிசையை அடைத்துக்கொண்டிருந்தான் அல்லவா! தோற்கிறவர்கள் நடுவில் விதியை மாற்றினால் பிள்ளைகள் அதை அழுகுணி ஆட்டம் என்பார்கள்.

"அப்படியென்றால் விற்பதெல்லாம் இலக்கியமா?" என்று ஒருவர் கிளம்புவார். மேலே போய் மறுபடி படியுங்கள்.

"அதே நாலு பிள்ளைகள், அதே விடுமுறை, அதே கடத்தல்காரன். அரைத்த மாவுதானே?" இதில் நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. சிறுவர் சாகசக் கதைகளுக்குப் பேர்போன எனிட் பிளைட்டனை இன்று எடுத்தால் என்னாலேயே இருபது பக்கம் தாண்ட முடிவதில்லை. ஆனால் மனைவி விட்டுப்போன எழுத்தாளன் குடித்துவிட்டு ஜன்னல் வழியே மழையைப் பார்க்கிற நாவலை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன்! அந்த மாவை யாரும் மாவு என்று சொல்லக் காணோம்.

மொழி எளிமையாக இருக்கிறதாம். எளிமையாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

உண்மையைச் சொல்லவா? பிரச்சினை புத்தகத்தில் இல்லை. இந்தப் புத்தகங்களைப் படிக்கிறவர்கள் சின்னவர்கள், மடியில் வைத்துப் படித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இரண்டு கூட்டமும் மேடைக்கு எதிரே உட்காரத்தான் லாயக்கு. பன்னிரண்டு வருடமாகச் சிறுவர்களுக்கு எழுதுகிறேன். "சீரியஸா எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்காத இலக்கிய நண்பர் ஒருவர்கூட இல்லை. சிறுவர் இலக்கிய அமர்வு என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால், பாதி நாற்காலி காலி. எதிரே மூன்று பேர், அதில் ஒருவர் மைக்காரர்.

கூட்டம் முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார். "நீங்க எழுதுறதைச் சொல்லல மேடம், பொதுவாச் சொன்னேன்." நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு காணொளியில் இல்லை, ஆனால் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாதது அதுதான். அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும்: இதில் எதை அண்ணா படித்திருக்கிறீர்கள்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்கத் தோன்றியது. மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அலமாரி மூலையில் ஒட்டடை அப்படியே தொங்குகிறது. வருகிறவர்களெல்லாம் என்னைத்தான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.