எந்த மரம்?

மருமகன்: மாமி, முற்றத்தில் விரித்திருந்த என் பாய் எங்கே?

மாமி: பாய் ஒன்றையும் காணவில்லையே மக்கா. ரப்பர் ஷீட் ஒன்று விழுந்து கிடந்தது. எடுத்துக் கொடியில் காயப் போட்டேன்.

மருமகன்: ஐயோ, அதுதான் யோகா மேட். 1,200 ரூபாய்!

மாமி: இந்த ஒரு ஷீட்டா? எங்கள் மரத்துப் பாலில் செய்த ஷீட்டைக் கொண்டுபோனால் கிலோவுக்கு 200 ரூபாய் தரவே கடைக்காரர் மூக்கால் அழுகிறார்.

மருமகன்: விற்கிறதுக்கு இல்லை மாமி. இதில் விருட்சாசனம் செய்யணும். மரம் மாதிரி நிற்பது.

மாமி: எந்த மரம்?

மருமகன்: ஏதோ ஒரு மரம்.

மாமி: ரப்பர் தோட்டம் நிறைந்த குலசேகரத்தில் நின்றுகொண்டு ஏதோ ஒரு மரம் என்கிறாய். தென்னை என்றால் காற்றுக்கு ஆடும். ரப்பர் என்றால் ஒடியும். தெரிந்துகொண்டு நில்லு.

(ஒரு காலைத் தூக்கி மற்ற முட்டின் மேல் ஊன்றினான். தென்னைதான்.)

மருமகன்: இப்படியே ஒரு போட்டோ எடுங்க. பின்னால் சூரியன் வரணும்.

மாமி: முட்டில் மிதிக்காதே. காலை இறக்கிக் கெண்டைச் சதையில் வை, இல்லை தொடைக்கு ஏற்று. என் மூஞ்சியைப் பார்க்காதே. அதோ, அந்த மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையையே பார், ஆட்டம் நிற்கும்.

மருமகன்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமி: இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தது. இரண்டு வருஷமாகச் செய்கிறேன்.

மருமகன்: உங்களுக்கு எதுக்கு மாமி யோகா? அது நாற்காலியில் கிடக்கிற எங்களுக்கு. நீங்கள் செய்கிற வேலையே யோகாதானே!

(இதைச் சொல்லாத ஆண்பிள்ளையை நம் ஜில்லாவில் நான் இன்னும் பார்க்கவில்லை.)

மாமி: அப்படியா. நாளைக்கு விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வா. 300 ரப்பர் மரம். பால் வடிய எல்லாத்துக்கும் ஒரே பக்கம் குனிந்து, ஒரே பக்கம் திரும்பிக் கத்தியை இழுக்கணும். மறுபக்கம் திரும்புகிற ஆசனம் அதில் கிடையாது. உன் மாமாவும் இதையேதான் சொன்னார், சாய்வு நாற்காலியில் கிடந்துகொண்டு.

மருமகன்: நான் பெருமையாத்தான்... மாமி, போட்டோ எடுத்தாச்சா? கால் நடுங்குது.

மாமி: எந்த மரம் என்று இன்னும் சொல்லவில்லையே. இப்போ ஒக்கிப் புயலில் நின்ற ரப்பர் மாதிரி இருக்கிறாய். 2017-இல் நம் ரப்பர் விளையில் சாய்ந்ததையும் நாலு பேர் வந்து போட்டோ எடுத்தார்கள். எடுத்துக்கொண்டு போனவர்கள்தான்.

(அவனும் சாய்ந்தான்.)

மாமி: அடுத்து?

மருமகன்: குனிந்து கால்விரலைத் தொடணும்.

மாமி: காலையில் என்ன தின்றாய்?

மருமகன்: புட்டு, பயறு, பப்படம். இரண்டு பழம்.

மாமி: குனிந்தால் எல்லாம் வந்த வழியே வரும். போய் வஜ்ராசனத்தில் உட்கார், தின்றதும் செய்ய ஆகுவது அது ஒன்றுதான். மற்றதுக்கு மூணு மணி நேரமாவது போகட்டும். அப்போதும் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனி. விரலைத் தொட்டால் யாரும் கப் தரப்போவதில்லை. பாயை விட்டு இறங்கு.

(குப்புறப் படுத்தாள். நகக்கண்ணில் காய்ந்த ரப்பர் பால் தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை இழுத்தபடி நெஞ்சைத் தூக்கினாள். புஜங்காசனம். போட்டோ எடுக்க ஆளில்லை.)

மருமகன்: பால் எடுக்க நேரமாகலையா மாமி?

மாமி: ஆச்சு. எனக்கு இன்னும் அஞ்சு மூச்சு இருக்கு. வாளி அந்தத் திண்ணையில்.

மருமகன்: நானா? எந்த மரத்திலிருந்து தொடங்கணும்?

மாமி: ஏதோ ஒரு மரம்.