ஈ8 கோட்பாடு எல்லா விசைகளையும் இணைத்துவிட்டதா? இல்லை

அலைச்சறுக்கு ஆடும் இயற்பியலாளர் காரட் லீசி இயற்கையின் எல்லா விசைகளையும் ஒன்றிணைத்துவிட்டார் என்று பரவும் தகவல் தவறு. 2007 நவம்பரில் அவர் ஆய்வுக் கட்டுரைகளைப் பகிரும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் ஏற்றியது சக ஆய்வாளர்கள் சரிபார்க்காத முன்வரைவு. நாளிதழ்கள் சில நாள்களிலேயே அதைக் கொண்டாடிவிட்டன.

248 பரிமாணமுள்ள ஈ8 (E8) குலம் என்ற கணிதச் சமச்சீர் அமைப்புக்குள் எல்லா அடிப்படைத் துகள்களையும் பொருத்துவது அவர் திட்டம். இடறுவது இங்கேதான்: சிலவகைக் கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான வலுக்குறை அணுவிசை, தற்சுழற்சித் திசையால் வேறுபடும் இடக்கைத் துகள்களையும் வலக்கைத் துகள்களையும் ஒரேமாதிரி நடத்துவதில்லை. ஈ8-இல் ஒரு தலைமுறையை, அதாவது பருப்பொருளை ஆக்கும் துகள்களின் ஒரு குடும்பத்தை, பொருத்தினாலே இடமும் வலமும் மாறிய அதன் கண்ணாடிப் பிம்பத் தலைமுறையும் ஒட்டிக்கொண்டு வரும். அத்தகைய துகள்கள் எந்தச் சோதனையிலும் தென்பட்டதில்லை. இயற்கையில் இருப்பதோ மூன்று தலைமுறைகள். இயற்பியலாளர் ஜாக் டிஸ்லரும் கணிதவியலாளர் ஸ்கிப் கரிபால்டியும் 2010-இல் இந்தத் தடையைக் கணித நிரூபணமாகவே வெளியிட்டார்கள்.

கூடவே பகிரப்படும் அழகான சக்கரப் படம், ஈ8-இன் அமைப்பைக் காட்டும், வேர்கள் எனப்படும் 240 திசையன்களின் வரைபடம். கணிதத்தில் முன்பே அறிந்த அது இக்கோட்பாட்டுக்குச் சான்றாகாது.