கதிர்வீச்சுக்குப் பதில் மாத்திரையா? பரவும் தகவல் தவறு

“புற்றுநோய்ச் செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதத்தை முடக்கும் மாத்திரை வந்துவிட்டது, தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இனி கதிர்வீச்சு வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அப்படிப் புரதங்கள் உண்டு என்பது மட்டும் நிஜம். பிசிஎல்-2, எம்சிஎல்-1, ஐஏபி போன்றவை செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதைத் தடுக்கின்றன. அதனால் கதிர்வீச்சில் அடிபட்ட செல்கூடப் பிழைத்துக்கொள்கிறது. பிசிஎல்-2 புரதத்தைத் தடுக்கும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு.

தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைகளில் வெகுதூரம் வந்தது ஐஏபி-யைத் தடுக்கும் செவினாபன்ட் என்ற மருந்து. அதையும் கதிர்வீச்சோடு, முக்கியச் சோதனைகளில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோடும், சேர்த்தேதான் கொடுத்தார்கள். இரண்டாம் கட்டச் சோதனை நம்பிக்கை தந்தது. மூன்றாம் கட்டத்தில் பலன் கிடைக்க வாய்ப்பில்லை எனத் தெரிந்ததும் 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். பகிர்கிறவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் புரதங்கள் நல்ல செல்களுக்கும் தேவை. பிசிஎல்-2 குடும்பத்தைச் சேர்ந்த பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தைத் தடுத்தால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைகின்றன.

ஆராய்ச்சி தொடர்கிறது. ஆனால் இந்தத் தகவலை நம்பிக் கதிர்வீச்சைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இடைவெளி விழுந்தால் எஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் மீண்டும் பெருகும்.