மைக் பிடித்தவருக்குப் பாதிப் பாட்டுதான் தெரியும்

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரின் டிக்கெட் கூட்டத்தில் நடந்ததை முழுசாகத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ எல்லோர் போனிலும் இருக்கிறது. "படகு போனதுலேர்ந்து தூக்கமே வரல சார்" என்று எழுந்து நின்ற அக்காவுக்கு மைக் பிடித்தவர் சொன்ன பதில்: "சந்தோஷம் உங்க சாய்ஸ்மா! தீதும் நன்றும் பிறர்தர வாரா!" ஒரே கைதட்டல்.

ஐயா, நீங்கள் சொன்ன வரி வரும் புறநானூறு 192 மொத்தமே 13 வரி. மீதியையும் படித்திருக்கலாம். வாழ்வது இனிது என்று மகிழவும் மாட்டோம் என்கிறார் கணியன் பூங்குன்றனார். சாய்ஸாம்! சிறியோரை இகழ்வது அதைவிடவும் மாட்டோம் என்று முடிக்கிறார். நீங்கள் பாட்டைச் சொல்லியே இகழ்ந்தீர்கள்.

அடுத்து, எது வந்தாலும் கலங்காதே என்கிற பழைய கிரேக்க-ரோமத் தத்துவத்தை ரீல்ஸ் போடும் ஸ்டோயிக்காரர்கள் வருவார்கள். அவர்கள் மேற்கோள் காட்டும் ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் அதையெல்லாம் தனக்குத்தானே எழுதிக்கொண்டார் சாமி. படகு போனவரை நிற்கவைத்துப் பாடம் எடுக்கவில்லை. எனக்கு நான் சொல்லிக்கொண்டால் தத்துவம். அடிபட்டவனிடம் நீ சொன்னால் அது திமிர்.

"அப்போ அழுதுகிட்டே இருக்கச் சொல்றீங்களா?" நான் எங்கே சொன்னேன்? நம்பிக்கையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேர்மறை எண்ணத்துக்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதாம். சரி, இருக்கட்டும்.

2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரி போச்சு, தாத்தா வைத்த பலாவும் வேரோடு சாய்ந்தது. மரத்தை அறுத்த அன்று அப்பாவின் கால் முடியெல்லாம் மஞ்சள் தூள். மாமா வந்து "எல்லாம் நன்மைக்கே மச்சான்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோனார். அப்புறம் எட்டு மாதம் மாமாவிடம் பேசவே இல்லை.

அடுத்த மழைக்கு முந்திரிக் கன்று வைத்தார். ஏன்பா என்று கேட்டேன். "நெலம் சும்மா கெடக்குதே." அவ்வளவுதான். இதையும் யாராவது தன்னம்பிக்கைக் கதையாக்கி ஷேர் செய்தால் பிளாக் பண்ணுவேன், சொல்லிவிட்டேன். அந்த எட்டு மாதம் வீட்டில் எப்படி இருந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் கிடைத்திருந்தால் போதும், அப்பாவுக்கும் சரி, அந்த அக்காவுக்கும் சரி. அதற்கு மைக் தேவையில்லை, டிக்கெட்டும் போட முடியாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை போல.

அந்த வீடியோவுக்குக் குடும்ப குரூப்பில் முதல் கைதட்டல் போட்டவன் என் தம்பி. 2011-இல் அவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா காலில் இருந்த தூளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டவனும் அவன்தான்.