லினக்ஸில் எல்லாம் இருக்கிறது, தவிலைத் தவிர

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதிலிருந்து, வீட்டு அறையில் உட்கார்ந்து இசை செய்யும் நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே விஷயம்தான். "கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது, விண்டோஸ் 11 மட்டும் ஏறமாட்டேங்குது. லினக்ஸுக்குப் போயிடலாமா அண்ணே?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய இலவச இயங்குதளம். நீ என்ன இசை செய்கிறாய் என்று திருப்பிக் கேட்பேன். டெக்னோ, ஹிப் ஹாப், ஆம்பியன்ட் என்றால் இன்றைக்கே போ என்பேன். நாட்டிய அரங்கேற்றத்துக்குப் பாட்டு, கல்யாண வரவேற்புக்கு மேளம், தீபாவளி நிகழ்ச்சிக்குப் பின்னணி என்றால், கொஞ்சம் பொறு என்பேன். ஏன் பொறுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், எம்ஆர்டி ரயிலில் படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. பாட்டைப் பதிவு செய்து கட்டும் மென்பொருளை டா (DAW) என்போம். அதில் பிட்விக் ஸ்டூடியோ 2014இல் வெளிவந்த நாளிலிருந்தே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. ரீப்பருக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. டிராக்ஷன் வேவ்ஃபார்ம், ரெனாய்ஸ், ஆர்டோர் எல்லாம் உண்டு. 2023இல் பிரிசோனஸ்கூட ஸ்டூடியோ ஒன் 6.5ஐ லினக்ஸுக்குச் சோதனைப் பதிப்பாகக் கொண்டுவந்தது. சிந்தசைசர் வேண்டுமா? வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, யு-ஹெ நிறுவனத்தின் பல பிளகின்கள் (டாவுக்குள் செருகி ஓட்டும் நிரல்கள்) இருக்கின்றன. பியானோவுக்குப் பியானோடெக். அது பதிவு செய்த ஒலியை வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை, தந்தியின் அதிர்வைக் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குகிறது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில்கூட ஓடும். சர்ஜ் எக்ஸ்டியில் சுருதி அளவுகளைச் சொல்லும் ஸ்காலா கோப்பை ஏற்றி ஸ்வரத்தானங்களை நம் காதுக்கு வேண்டியபடி நகர்த்திக்கொள்ளலாம். என் தம்பூரா சுருதி அதில்தான் ஓடுகிறது. இது எதுவும் சமாளிப்பு இல்லை, எல்லாம் லினக்ஸில் நேரடியாக ஓடும்படி கட்டித் தரப்பட்ட மென்பொருள்.

அடித்தளமும் பழைய மாதிரி இல்லை. ஒரு காலத்தில் இசை வேலைக்கான ஜாக் என்ற ஒலி அமைப்பை எழுப்ப வேண்டும், அன்றாட ஒலிக்கான பல்ஸ் ஆடியோவை ஒதுக்க வேண்டும், நடுவில் யூடியூபில் ஏதாவது கேட்கலாம் என்றால் சத்தமே வராது. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் பைப்வயர் வந்து அந்தச் சண்டையை முடித்துவைத்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 2021லேயே அதை இயல்பான ஒலி அமைப்பாக எடுத்துக்கொண்டது. நிகழ்நேர இயக்கத்துக்காக இருபது வருடம் தனி ஒட்டாகவே (பேட்ச்) கிடந்த வேலை, 2024இல் லினக்ஸின் கருவான கெர்னலின் 6.12ஆம் பதிப்போடு மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒலியைத் தேக்கி அனுப்பும் இடம்) வைத்தால் அந்தப் பஃபரின் தாமதம் 2.7 மில்லி விநாடிதான். முறைப்படி செய்த யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்றால் டிரைவர் எதுவும் வேண்டாம், செருகினால் போதும்.

லினக்ஸ் மேடைக்கு ஆகாது என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேடையில் நிற்கும் கோர்க் குரோனோஸ் கீபோர்டுக்குள் ஓடுவது லினக்ஸ். தனியாக இயங்கும் அக்காய் எம்பிசி பெட்டிக்குள்ளும் லினக்ஸ். அப்படிச் சொல்பவர்களில் சிலர் வாசிப்பதே அதில்தான்.

சரி, அப்புறம் என்னதான் பிரச்சினை? தவில்.

வீவக அடுக்குமாடி வீட்டில் தவில் வாசிக்க முடியுமா? வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடு மாட்டிய கை ஒரு தட்டுத் தட்டினால் மேல் மாடி, கீழ் மாடி, எதிர் புளோக் எல்லோருக்கும் கேட்கும். நாகஸ்வரமும் அப்படித்தான், திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். இங்கே அவற்றை நன்றாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் கோயில்களில் இருக்கும் கலைஞர்கள், பலர் ஊரிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பூசை நேரம் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, முகூர்த்த நாள் இருக்கிறது. ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறும். ஒரு நாட்டியப் பள்ளிக்கு நாலு நிமிடப் பாட்டுச் செய்து தர நமக்குக் கிடைக்கும் வெள்ளியில் இதெல்லாம் கட்டுப்படியாகாது.

அதனால் நாம் சாம்பிளை, அதாவது முன்பே பதிவு செய்து வைத்த வாத்திய ஒலியை, நம்பி வாழ்கிறோம். ஒரு பெர்லின் பையன் டிரம்ஸ் சத்தத்தைச் சிந்தசைசரிலேயே செய்துகொள்வான். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலியை நான் எதில் செய்வது? கரணை பூசிய பக்கத்தின் 'தீம்' ஒலியை எந்த ஆஸிலேட்டர் தரும்? யாராவது உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் (தட்டின் ஒலியையும்) மென்மையாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல முறை பதிவு செய்து, அடுக்கி, ஒரு லைப்ரரியாக விற்றால்தான் உண்டு. நாகஸ்வரத்துக்கு அதுவும் போதாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகத்தை மிடி கீபோர்டின் பிட்ச் சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தால் ஆம்புலன்ஸ் சைரன்தான் வரும். முழுப் பிடிகளாகவே (ஸ்வரத் தொடர்களாகவே) பதிவு செய்து வைத்த லைப்ரரி வேண்டும்.

இந்த மாதிரி லைப்ரரிகளில் கணிசமானவை நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கான்டாக்ட் என்ற பிளேயருக்குள் மட்டுமே திறக்கும். கான்டாக்டுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. வேறு பலவற்றுக்கு உரிமப் பூட்டாக ஐலாக் இருக்கிறது. அதற்கும் லினக்ஸ் கிடையாது. ஆக, டெக்னோ செய்பவனுக்கு இது 'இருந்தால் நல்லது' வகை. நமக்கு வாத்தியமே பூட்டிய அறைக்குள் இருக்கிறது. லினக்ஸ் ஆதரவு பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

"வைன் இருக்கிறதே, யாபிரிட்ஜ் இருக்கிறதே" என்று கமென்ட் போடப் போகிறவர்களுக்கு: இருக்கிறது. விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டவைக்கும் அடுக்குதான் வைன், நானும் போட்டிருக்கிறேன். யாபிரிட்ஜ் அபாரமான வேலை, வைனை வைத்து விண்டோஸ் பிளகினை லினக்ஸ் டாவுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறது. அதை எழுதியவருக்கு இசைக்காரர்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வைன் 9.22 வந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? யாபிரிட்ஜில் பிளகின் ஜன்னலுக்குள் மவுஸ் கிளிக் சரியான இடத்தில் விழவில்லை. வைனை 9.21லேயே நிறுத்தி வைத்துக்கொள் என்பதுதான் அன்றைக்குக் கிடைத்த வழி. நாளை காலை அரங்கேற்ற ஒத்திகை, இன்று இரவு ஓர் அப்டேட், ஒரு குமிழைத் திருப்ப முடியவில்லை. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்பவன் இந்த நூலில் தொங்க முடியாது. அதிலும் உரிமத்தைச் சரிபார்க்கும் நிரல்கள் வைனுக்குள் எந்த நேரம் முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லவே முடியாது.

இன்னொன்று, இதை யோசித்துப் பாருங்கள். ஒரு சாம்பிள் நிறுவனத்துக்கு, பெயர் வேண்டாம், லினக்ஸ் பதிப்புக் கேட்டுக் கடிதம் போட்டேன். பணிவாகத்தான் பதில் வந்தது: லினக்ஸ் பயன்படுத்துவோர் போதிய அளவில் இல்லை. வைனுக்குள் ஓடும் நிரலைப் பொறுத்தவரை அது விண்டோஸில்தான் ஓடுகிறது. அது தன் நிறுவனத்துக்கு ஏதாவது தகவல் அனுப்பினால் அங்கே விழுவது 'விண்டோஸ்' என்ற கணக்கில்தான். நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு உங்கள் பொருளை லினக்ஸில் ஓட்டுகிறோமோ அவ்வளவு விண்டோஸ்காரர்களாகத் தெரிகிறோம். எண்ணிக்கை எங்கிருந்து வரும்?

அடுத்த சாக்கு, லினக்ஸில் ஆயிரத்தெட்டு வகை, எதற்கென்று செய்வது என்பது. பிட்விக் டெபியன் பொதி, ஃபிளாட்பேக் என்று இரண்டு வடிவங்களில் தருகிறது. ரீப்பர் ஒரு சுருக்கக் கோப்பைத் தருகிறது, விரித்து ஓட்டிக்கொள்கிறோம். அத்தனை வகைக்கும் தனித்தனியாகச் செய்து தா என்று யாரும் கேட்கவில்லை. பிளகின் எழுதுவதற்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் ஜூஸ் என்ற சட்டகமே லினக்ஸுக்கும் கட்டித் தருகிறது. கிளாப் என்ற பிளகின் வடிவம் 2022இல் வந்தபோதே, யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில்தான் வந்தது. 2025 அக்டோபரில் ஸ்டெயின்பர்க் நிறுவனமும் தன் பிளகின் வடிவமான விஎஸ்டி3ஐ அதே உரிமத்துக்கு மாற்றிவிட்டது. உரிமச் சிக்கல் என்ற சாக்கும் போயிற்று.

லினக்ஸ்காரர்கள் இலவசம்தான் கேட்பார்கள் என்பது எனக்கு எரிச்சல் தரும் சாக்கு. சினிமா கிராஃபிக்ஸ் உலகத்தைப் பாருங்கள். மாயா, ஹூடினி, நியூக் மூன்றும் லினக்ஸில் ஓடுகின்றன, மூன்றும் விலை கூடியவை, ஸ்டூடியோக்கள் வாங்குகின்றன. இசையில் ஆர்டோரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூல நிரல் முழுக்கத் திறந்தது, நீங்களே கட்டிக்கொள்ளலாம். கட்டிய பொதி வேண்டும் என்றால் காசு கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்கள். ஓசியில் கேட்பவர்கள் லினக்ஸில்தான் இருக்கிறார்கள் என்று சொல்வதற்கு முன், நம்மில் எத்தனை பேருடைய விண்டோஸில் கிராக் போட்ட கான்டாக்ட் இருக்கிறது என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். இங்கே கமென்டில் எழுத வேண்டாம். கிராக் போட்டவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான், பதிப்புக் கேட்கும் உரிமையும் அவனுக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், பல வருடமாக மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவர், இதற்கெல்லாம் ஒரே பதில் வைத்திருக்கிறார். "ஏன்டா தம்பி இம்புட்டுத் தலைவலி, ஒரு மேக் வாங்கிட்டுப் போ லா." வாங்கலாம்தான். வாங்கியவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், வேலை நடக்க வேண்டுமே. ஆனால் மேக்கிலும் கதை முடியவில்லை. 32 பிட் பிளகின்களை மேக்கின் கேட்டலினா பதிப்பு 2019இல் மொத்தமாகக் கைவிட்டது. அதற்கடுத்த வருடமே புதிய சிப் வந்தது, பழைய பிளகின்கள் மறுபடி மொழிபெயர்ப்பு அடுக்கின் தயவில் ஓடின. பத்து வருடம் கழித்து ஒரு நாட்டிய ஆசிரியை வந்து "அந்த வர்ணத்துக்கு நீங்கள் செய்த பாட்டை அரைக் கட்டை இறக்கித் தாருங்கள்" என்பார். கேட்கத்தான் செய்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கோப்பு திறக்க வேண்டும். எந்த இயங்குதளத்தை எப்போது மாற்றுவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும், கலிஃபோர்னியாவில் யாரோ இல்லை. இது கொள்கைப் பிடிவாதம் என்று அண்ணன் நினைக்கிறார். தொழில் பிடிவாதம் என்று நான் சொல்வேன்.

நிறுவனங்களிடம் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. லைப்ரரி தயாரிக்கும் கருவிகளோ, கடைப் பக்கமோ, வண்ண வண்ண மேலாளர் நிரலோ லினக்ஸுக்கு வேண்டாம். வாங்கிய லைப்ரரியை வாசிக்கும் பிளேயர் மட்டும், கிளாப்போ விஎஸ்டி3யோ ஏதாவது ஒன்றாக வந்தால் போதும். உரிமத்தை ஒரு கோப்பாகக் கொடுத்தாலும் சரி. ஆதரவு மன்றத்தில் ஆள் போட வேண்டாம், எங்கள் சிக்கலை நாங்களே பேசித் தீர்த்துக்கொள்வோம், அதில் எங்களுக்குப் பழக்கம் அதிகம்.

அவர்கள் தரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. எஸ்எஃப்இஸட் என்று ஒரு வடிவம் இருக்கிறது. ஒலிக் கோப்புகள் ஒரு பக்கம், எந்தக் கட்டைக்கு எந்தக் கோப்பு என்று சொல்லும் சாதாரண எழுத்துக் கோப்பு ஒரு பக்கம், அவ்வளவுதான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். லினக்ஸில் அதை வாசிக்க எஸ்ஃபிஸ் என்ற பிளேயர் இருக்கிறது. டீசன்ட் சாம்ப்ளர் என்ற இலவச பிளேயருக்கும் லினக்ஸ் பதிப்பு இருக்கிறது, அதன் வடிவமும் இதே போலப் படிக்கக்கூடியதுதான். நல்ல அறையில் ஒரு முழு நாள் உட்கார்ந்தால் தவிலின் அடிப்படைச் சொற்களைப் பல அழுத்தங்களில் பதிவு செய்துவிடலாம் என்பது என் கணக்கு. வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக், அறைக்கு ஒரு ஜோடி. நாகஸ்வரம் கடினம், அதை இப்போதைக்குத் தொடவில்லை.

வாசிக்க ஒரு தவில் கலைஞர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு முழுச் சம்பளம் உண்டு, 'கலைச்சேவை' என்று சொல்லி ஏமாற்றப் போவதில்லை. அறைதான் இன்னும் அமையவில்லை. தவிலின் சத்தத்தைத் தாங்குகிற, குளிர்சாதனத்தை நிறுத்தினாலும் மூச்சு முட்டாத இடம் யாருக்காவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வார நாளாக இருந்தால் நல்லது, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அவருக்குக் கோயில் இருக்கிறது.