கல் வந்ததும் பாலை நிறுத்துகிறோம், உப்பை விட்டுவிடுகிறோம்

ஸ்கேனில் சிறுநீரகக் கல் தெரிந்த மறுநாளே நம் வீடுகளில் பாலும் தயிரும் நின்றுவிடும். "கல்லே கால்சியம்தானே, பிறகு எதற்குப் பால்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பத்தியத்தால் கல்லும் நிற்பதில்லை, எலும்பும் தப்புவதில்லை.

பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் கற்கள். பாலக்கீரை, பாதாம், முந்திரி, பீட்ரூட், கடுந்தேநீர் இவற்றில் ஆக்சலேட் என்ற இயற்கைப் பொருள் அதிகம். அதே வேளைச் சாப்பாட்டில் கால்சியமும் இருந்தால் இரண்டும் குடலிலேயே பிணைந்து மலத்தோடு போய்விடும். இல்லாவிட்டால் ஆக்சலேட் தனியாக இரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். 2002ல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், சிறுநீரில் கால்சியம் அதிகம் போய், திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். நாளுக்கு 400 மி.கி. கால்சியத்தோடு நிறுத்திக்கொண்ட 60 பேரில் 23 பேருக்கு மறுபடியும் கல். 1,200 மி.கி. கால்சியம் எடுத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான்.

எலும்பு எங்கே வருகிறது? கல் வருகிறவர்களில் பலருக்குச் சிறுநீரில் கால்சியம் கசிவது அதிகம்; நாளுக்குப் பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 300 மி.கி.க்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. வாய்வழி வருவதை நிறுத்தினாலும் இந்தக் கசிவு முழுவதும் நிற்காது. உடல் எலும்பில் கை வைக்கும்.

இதில் உண்மையான குற்றவாளி உப்பு. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே போகிறது: 2,300 மி.கி. சோடியத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்புக்கு, சுமார் 40 மி.கி. கால்சியம். 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர் சராசரியாக நாளுக்கு 3,620 மி.கி. சோடியம் சாப்பிடுகிறார், வரம்பு 2,000. அந்தக் கூடுதல் சோடியம் மட்டும் நாளுக்கு 28 மி.கி., ஆண்டுக்கு 10 கிராம் கால்சியத்தை இழுத்துப் போகும். குடல் ஈடுகட்டினால் சரி, இல்லையென்றால் எலும்புதான். மீன் தலைக் கறி, பராட்டாவின் மேல் ஊற்றும் குழம்பு, நூடல்ஸ் சூப், இலையின் ஓரத்தில் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றும்! உணவங்காடியில் குழம்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். பாதி வேலை முடிந்தது.

சிங்கப்பூரில் பெரியவர்களுக்கான பரிந்துரை, நாளுக்கு 50 வயது வரை 800 மி.கி. கால்சியம், அதன் பிறகு 1,000. ஒரு குவளைப் பாலில் (250 மி.லி.) சுமார் 300 மி.கி. இருக்கும். தயிரும் தௌ குவாவும் (கெட்டியான சோயா டோஃபு) நல்லவை. கேழ்வரகில் கால்சியமும் உண்டு, ஆக்சலேட்டும் உண்டு. கூழில் மோர் ஊற்றிக் குடித்த நம் பாட்டிமார் செய்தது சரி. பாலக்கீரையை வேகவைத்து நீரை வடித்தால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும்.

மாத்திரை வேறு விஷயம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வில், 1,000 மி.கி. கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்தவர்களுக்குக் கல் 17% கூடியது. வெறும் வயிற்றில் போட்டால் பிடித்துக்கொள்ள அங்கே ஆக்சலேட் இல்லை. கால்சியம் நேரே சிறுநீருக்குப் போகும். மருத்துவர் கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மிகாமல் போடுங்கள். 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் மாத்திரையில் கால்சியம் 500 மி.கி.தான், லேபிளைப் பாருங்கள். கல் வருகிறவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் வகை பொருத்தம். தண்ணீரில் நுரைக்கும் 1,000 மி.கி. வைட்டமின் சி மாத்திரை வேண்டவே வேண்டாம், அது உடலில் ஆக்சலேட்டாக மாறும்.

தண்ணீர்: குடிக்கும் அளவைவிட, போகும் சிறுநீர் நாளுக்கு இரண்டரை லிட்டர் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. வெயிலில் கட்டுமானத் தளத்தில் நிற்கும் தம்பிகளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்கூடப் போதாது. வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் அது கல்லைக் கரைக்கும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கல் இரண்டாம் முறை வந்தால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: இரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்பது, 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. இரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும், கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தால் எலும்பும் தேயும், கல்லும் வரும். அதற்கு அறுவை சிகிச்சையே தீர்வாகலாம். எலும்புக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: மாதவிடாய் நின்ற பெண்ணின் வயதிலிருந்து எடையைக் கழியுங்கள். 70 வயது, 48 கிலோ என்றால் 22. 20க்கு மேல் போனால் எலும்புத் தேய்மான ஆபத்து அதிகம்.

24 மணி நேரச் சிறுநீரைச் சேர்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் நாள் காலை முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு துளி விடாமல், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை கலனில் சேருங்கள். அன்று மட்டும் பத்தியம் இருந்து, அண்டா அண்டாவாகத் தண்ணீர் குடித்தால் முடிவு பொய்யாகிவிடும். என்றும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள்.