நூறு குழி என்றால் எவ்வளவு?

வட்டார வழக்கு என்றதும் நம் ஆட்களுக்கு 'ஏலே'யும் 'ஏனுங்க'வும்தான் ஞாபகம் வரும். தஞ்சாவூர்ப் பேச்சுக்கு 'செத்த இருங்க' என்று ஒரு வரி, அதோடு சரி. மீம் போட அது போதும். காசு போவது வேறு இடத்தில். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி காதில் விழுந்து, ஊருக்கு ஊர் வேறு அளவைச் சொல்லும் சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

நிலம் அளக்கும் குழியையே எடுங்கள். எங்கள் காவிரி டெல்டாவில் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. செங்கல்பட்டுப் பக்கம் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. அங்கே 100 குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். மன்னார்குடிக்காரர் 'நூறு குழி இருக்கு' என்றால் 33 சென்ட். மதுராந்தகத்துக்காரர் அதையே சொன்னால் நாலு மடங்கு. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

அடுத்தது, 'மூணு மா ஒரு ஏக்கர்' என்ற வாய்க்கணக்கு. 3 மா 43,200 சதுர அடி, ஏக்கரோ 43,560. துண்டு விழுவது 360 சதுர அடிதானே என்று விட்டுவிடுவார்கள். ஒரு வேலிக்குப் போட்டுப் பாருங்கள்: 2,400 சதுர அடி. சென்னைக்காரர் கணக்கில் முழுசாக ஒரு கிரவுண்டு! நிலம் வாங்க வருகிறவர்கள் 'குழிக்கு எத்தனை அடி' என்று முதலில் கேளுங்கள். பிறகு பட்டாவில் உள்ள பரப்பை ஏர் கணக்கில் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) எடுத்து 13.4ஆல் வகுத்தால் மா வந்துவிடும். 40.5 ஏர் என்றால் மூன்று மாவும் கொசுறும்.

இதற்காக மாவையும் வேலியையும் ஒழித்துக்கட்ட வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நடவுக் கூலி, குத்தகை, விளைச்சல் எல்லாம் இங்கே மாவுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. பேசுகிற அளவு ஒன்று, எழுதுகிற அளவு ஒன்று என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதுதான் வழி.

கொல்லை இன்னொரு வம்பு. கும்பகோணத்தில் அது வீட்டுக்குப் பின்பக்கம். பண்ருட்டியில் முந்திரிக்கொல்லை, புதுக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலம். 'கொல்லையோடு சேர்த்துத் தர்றேன்' என்ற பேச்சை எந்த ஊர்க்காரர் சொல்கிறார் என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கொங்கில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் வயலுக்குப் போகிறார் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் வழி கேட்டால் 'புதாறு' என்பார்கள். காகிதத்தில் அது கல்லணைக் கால்வாய். 1934இல் மேட்டூர் அணையோடு வந்தது, இன்னும் புதுசுதான்!

பருவப் பெயரில் தவறினால் பயிரே போகும். நமக்குக் குறுவை, சம்பா, தாளடி. திருநெல்வேலிக்குக் கார், பிசானம். குமரிக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ. காஞ்சிபுரத்துக்குச் சொர்ணவாரி, நவரை. வெளியூர் விதைக்கடையில் 'சம்பா' என்று கேட்டால் சீரகச் சம்பாவா, கிச்சிலிச் சம்பாவா என்பார் கடைக்காரர். அவருக்கு அது ரகத்தின் பெயர். இங்கே அது பருவம். எத்தனை நாள் பயிர் என்று சொல்லிக் கேட்பதே பத்திரம். குறுவைக்கு 105 முதல் 120 நாள் ரகம். குறுவை அறுத்த தாளில் நடுகிற தாளடிக்கு 135 நாளைத் தாண்டக் கூடாது. 'அதுவும் சம்பா மாதிரிதானே' என்று 155 நாள் ரகத்தைப் பிந்தி நட்டால், வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூரை மூடும்போது கடைமடையில் கதிர் பால் பிடிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது.

நெல் விலை கேட்கும்போதும் 'எத்தனை கிலோ மூட்டை?' என்று சேர்த்துக் கேளுங்கள். டெல்டாவில் மூட்டை 60 கிலோ, திருவண்ணாமலைப் பக்கம் 75. அங்கே விலை கூடுதலாகத் தெரிந்தாலும் கிலோவுக்கு வகுத்தால் சாயம் வெளுத்துவிடும். கொள்முதல் நிலையத்தில் பேச்சே சிப்பம்தான், 40 கிலோ. நம் மூட்டை இரண்டுக்கு மூன்று சிப்பம்.